காரணம் என்ற அந்த ஒரு வரி

கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக வாசியுங்கள்.

ஓ.எல். பெறுபேறு வந்ததும் பாடசாலை அலுவலகங்களில் ஒரு வேலை கூடிவிடும். உயர்தரத்துக்கு வேறு பாடசாலை போகிற பிள்ளைகளும், படிப்பை நிறுத்திக்கொண்டு வேலைக்குப் போகிற பிள்ளைகளும் விடுகைப் பத்திரத்துக்கும் நற்சான்றிதழுக்கும் வந்து நிற்பார்கள். விலகிய காரணம், நடத்தை என்று அதில் இரண்டொரு வரிகள் இருக்கும். எழுதிக் கொடுக்கிற எங்களுக்கு அது அரை நிமிட வேலை. அந்தப் பிள்ளை அந்த வரியைப் பல வருடங்கள் கையில் வைத்துக்கொண்டு திரிய வேண்டும்.

இதைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் எனக்கு அமெரிக்க இராணுவத்தில் நடந்த ஒரு சம்பவம் ஞாபகம் வரும். எங்களுக்கும் அமெரிக்க இராணுவத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். முழுதாக வாசித்துவிட்டுச் சொல்லுங்கள்.

1906ஆம் ஆண்டு. டெக்சாஸ் மாநிலத்தில், மெக்சிகோ எல்லையோரம், பிரவுன்ஸ்வில் என்று ஒரு ஊர். அங்கிருந்த இராணுவ முகாமுக்கு ஜூலை மாதக் கடைசியில் 25ஆவது காலாட்படையைச் சேர்ந்த கறுப்பினச் சிப்பாய்கள் வந்து சேர்ந்தார்கள். ஊரில் இருந்த வெள்ளையர்களுக்கு அது பிடிக்கவில்லை. கடைகளிலும் தெருவிலும் உரசல்கள் வந்தன. இரண்டு வாரம் கழித்து, ஆகஸ்ட் 13 நள்ளிரவில், ஊருக்குள் சில நிமிடங்கள் துப்பாக்கிச் சூடு நடந்தது. மதுக்கடையில் வேலை செய்த ஒருவர் இறந்தார். பொலிஸ் அதிகாரி ஒருவர் காயப்பட்டார்.

முகாமில் இருந்தவர்கள்தான் சுட்டார்கள் என்று ஊர் சொன்னது. தெருவில் இராணுவத் துப்பாக்கியின் வெற்றுத் தோட்டாக்கள் கிடந்ததை ஆதாரமாகக் காட்டியது. சிப்பாய்களோ தங்களுக்கு ஒன்றும் தெரியாது என்றார்கள். அவர்களுக்கு மேலே இருந்த வெள்ளை அதிகாரிகள் அந்த இரவிலேயே ஆட்களை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிட்டுப் பார்த்திருந்தார்கள். விடிந்ததும் துப்பாக்கிகளைச் சோதித்தபோது அவை சுத்தமாக இருந்தன. பன்னிரண்டு பேரைப் பிடித்துக் கொண்டுபோனார்கள். ஆனால் அந்த மாவட்டத்து ஜூரிகளே ஒருவர் மீதும் குற்றப்பத்திரம் தாக்கல் செய்யவில்லை.

இதற்குப் பிறகு நடந்ததுதான் முக்கியம். இராணுவம் ஒரு மேலதிகாரியை அனுப்பியது. சுட்டவன் யார் என்று சொல்லுங்கள், சொல்லாவிட்டால் எல்லோரும் போக வேண்டியதுதான் என்று அவர் கெடு வைத்தார். ஒருவரும் பெயர் சொல்லவில்லை. எல்லோரும் சேர்ந்து உண்மையை மறைக்கிறார்கள் என்று அவர் முடிவெடுத்தார். தெரியாததால்தான் சொல்லவில்லை என்ற சாத்தியத்தை அவர் கணக்கில் எடுக்கவே இல்லை.

ஜனாதிபதி தியடோர் ரூஸ்வெல்ட் 167 பேரையும் படையிலிருந்து விலக்கினார். கறுப்பின மக்களின் கல்விக்காக உழைத்த புக்கர் டி. வாஷிங்டன் கொஞ்சம் பொறுக்கும்படி கேட்டுப் பார்த்தார். ரூஸ்வெல்ட் கேட்கவில்லை. நவம்பர் மாதம் காங்கிரஸ் தேர்தல் முடிந்த கையோடு கட்டளை வெளிவந்தது.

அவர்களின் பத்திரத்தில் எழுதப்பட்ட வார்த்தை, 'கௌரவமின்றி விலக்கப்பட்டார்' என்பது. இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. இராணுவ நீதிமன்றம் விசாரித்துக் குற்றவாளி என்று தீர்ப்பளித்தால் கொடுக்கிற விலக்கல் ஒன்று உண்டு. அதைக் கொடுப்பதென்றால் வழக்கு நடத்த வேண்டும், சாட்சி வேண்டும், எதிர்த்தரப்புக்குப் பேச இடம் கொடுக்க வேண்டும். 'கௌரவமின்றி' என்று எழுத அது எதுவும் தேவைப்படவில்லை. நிர்வாகக் கட்டளை ஒன்று போதும். தண்டனை மாதிரி இருக்கும், ஆனால் கேட்டால் தண்டனை இல்லை என்பார்கள். அப்படிப்பட்ட ஒரு இடைப்பட்ட பத்திரம்.

அந்தப் பத்திரத்தோடு அவர்களின் ஓய்வூதியம் போனது. அரசாங்க வேலை எதிலும் இனிச் சேர முடியாது. அவர்களில் மிங்கோ சாண்டர்ஸ் என்று ஒரு சார்ஜன்ட் இருந்தார். 26 வருடச் சேவை. கியூபாவிலும் பிலிப்பைன்ஸிலும் போரிட்டவர். ஓய்வூதியம் எட்டும் தூரத்தில் இருந்தது. அவர் செய்த குற்றம் என்ன என்று எந்த நீதிமன்றமும் ஒருநாளும் சொல்லவில்லை.

இன்னொரு விடயம். அந்த முகாமின் வெள்ளை அதிகாரிகள் இருவர் மீது, கடமையில் கவனயீனம் என்று இராணுவ நீதிமன்றத்தில் வழக்கு வைத்தார்கள். இருவரும் விடுதலையானார்கள். வழக்கு விசாரணை என்பது அவர்களுக்குக் கிடைத்தது. சிப்பாய்கள் 167 பேரில் ஒருவருக்கும் அது கிடைக்கவில்லை. குற்றம் சாட்டப்பட்டு விசாரிக்கப்படுவதும் ஒரு வகையில் பாக்கியம்தான் என்பது அப்போதுதான் விளங்கும். விசாரணை இருந்தால் வாய் திறந்து பேசலாம், விடுதலையாகலாம். வெறும் காரணம் மட்டும் எழுதப்பட்டவனுக்கு எங்கே போய்ப் பேசுவது?

ஜோசப் ஃபோரேக்கர் என்ற செனட்டர் இவர்களுக்காகப் போராடினார். ரூஸ்வெல்ட்டின் கட்சிக்காரர்தான். செனட் குழு விசாரித்தது. பெரும்பான்மை உறுப்பினர்கள் ஜனாதிபதியின் பக்கமே நின்றார்கள். ஃபோரேக்கரின் செனட் பதவியும் அதோடு போனது. பிறகு 1909இல் ஒரு விசாரணைச் சபை அமைத்தார்கள். அது 14 பேர் மட்டும் திரும்பவும் படையில் சேரலாம் என்றது. ஏன் அந்த 14 பேர், மற்றவர்கள் ஏன் இல்லை என்று விளக்கம் சொல்லவில்லை. விலக்கியபோதும் ஒவ்வொருவருக்கும் தனித்தனிக் காரணம் இல்லை. சேர்த்தபோதும் இல்லை.

பிறகு அறுபது வருடங்களுக்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை. 1970இல் ஜோன் வீவர் என்பவர் இந்தச் சம்பவத்தைத் தோண்டி எடுத்துப் புத்தகமாக எழுதினார். அதைப் பார்த்து அகஸ்டஸ் ஹோக்கின்ஸ் என்ற கறுப்பினக் காங்கிரஸ் உறுப்பினர் பிரேரணை கொண்டுவந்தார். 1972 செப்டம்பரில் இராணுவம் அந்த 167 பேரின் பத்திரத்தையும் கௌரவமான விலகல் என்று மாற்றியது. உயிரோடு மிஞ்சியிருந்தவர்களில் ஒருவர் டோர்சி வில்லிஸ். மினியாபொலிஸ் நகரத்தில் ஒரு சலூனில் சப்பாத்துத் துடைத்தும் தரை கூட்டியும் 59 வருடங்கள் வேலை செய்தவர். அவர் கையில் அந்தப் பத்திரம் கிடைத்தபோது அவருக்கு 87 வயது. அடுத்த வருடம் 25,000 டொலர் காசோலை கொடுத்தார்கள். இருபது வயதில் பறித்த பெயருக்கு எண்பத்தேழு வயதில் திருத்தம். மற்ற அநேகமானவர்களுக்குத் திருத்தம் கப்றுக்குப் பிறகுதான் வந்தது.

இதில் எனக்குப் பெரிய பாடமாகத் தெரிவது, அந்தப் பத்திரம் பிழை என்பதைவிட, அதைப் பிழை என்று சொல்லப் போவதற்கு அப்போது ஒரு வாசல் இருக்கவில்லை என்பதுதான். ஜனாதிபதியே எழுதிவிட்டார். அவருக்கு மேலே யாரிடம் போவது?

அமெரிக்கர்கள் பிறகு அந்த வாசலைக் கட்டினார்கள். இரண்டாம் உலகப் போர் முடிகிற நேரம், 1944ஆம் ஆண்டுச் சட்டத்தில், விலகல் பத்திரங்களை மீளாய்வு செய்யும் சபைகளை அமைத்தார்கள். 1946இல் இராணுவப் பதிவுகளைத் திருத்தும் சபைகளுக்கும் சட்டம் வழி செய்தது. இன்றைக்கு அங்கே படையிலிருந்து விலகியவர் 15 வருடங்களுக்குள் மீளாய்வுச் சபைக்கு விண்ணப்பிக்கலாம். பதிவு திருத்தும் சபைக்கென்றால் பிழையைக் கண்டுபிடித்து 3 வருடங்களுக்குள் போக வேண்டும். நீதிக்கு அவசியம் என்று தெரிந்தால் அந்தக் காலக்கெடுவையும் தளர்த்தலாம். முக்கியமாக, விலகலின் தரத்தை மட்டுமல்ல, அதில் எழுதியிருக்கும் காரணத்தையும் மாற்றித் தரும்படி கேட்கலாம்.

காரணத்தை மட்டும் மாற்றி என்ன பிரயோசனம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு உதாரணம். ஈராக், ஆப்கானிஸ்தான் போர்களுக்குப் போய் வந்த சிப்பாய்கள் சிலரை 'ஆளுமைக் கோளாறு' என்று காரணம் எழுதி அனுப்பினார்கள். பத்திரம் பார்க்கக் கௌரவமானதுதான். ஆனால் ஆளுமைக் கோளாறு என்றால் படையில் சேரும் முன்பே இருந்த குறை என்று அர்த்தம். அப்படியென்றால் போரினால் வந்த பாதிப்பு இல்லை. அதற்குரிய இழப்பீடும் இல்லை. 2007இல் காங்கிரஸ் வரை இந்தப் பிரச்சினை போனது. வியட்நாம் போரில் மனம் பாதிக்கப்பட்டு, அதனால் ஒழுங்கு தவறி, கெட்ட பத்திரத்தோடு வீடு போனவர்களின் விண்ணப்பங்களைத் தாராள மனதோடு பார்க்கும்படி 2014இல்தான் பாதுகாப்புச் செயலாளர் அந்தச் சபைகளுக்குப் பணிப்புரை கொடுத்தார். போர் முடிந்து கிட்டத்தட்ட நாற்பது வருடங்கள்.

அந்த இராணுவம் மற்ற நாடுகளில் செய்தவை எல்லோருக்கும் தெரியும். அதை நியாயப்படுத்த நான் வரவில்லை. தன் சொந்த ஆளுக்கு எழுதிய ஒரு வரி பிழையாக இருக்கலாம் என்று ஒத்துக்கொண்டு, அதைத் திருத்த ஒரு மேசையும் நாற்காலியும் போட்டு வைத்திருக்கிறார்கள். அந்த ஒன்றைத்தான் சொல்ல வருகிறேன்.

இப்போது எங்கள் பக்கம் வருவோம்.

சொல்லாவிட்டால் எல்லோருக்கும் தண்டனை என்பது எந்த வகுப்பறைக்கும் புதிதல்ல. கண்ணாடி உடைந்தது யாரால் என்று சொல், இல்லாவிட்டால் முழு வகுப்பும் வெயிலில் நில். நாற்பது பிள்ளைகளில் முப்பத்தைந்து பேருக்கு உண்மையிலேயே தெரியாது. தெரியாதவன் சொல்ல முடியாததற்கு நிற்கிறான். அவன் அன்று படிக்கும் பாடம் ஒழுக்கம் அல்ல. நியாயம் என்பது பலமானவன் கையில் இருப்பது என்ற பாடம்.

ஒருவர் செய்த பாவத்தை இன்னொருவர் மீது சுமத்துவதில்லை என்பது எங்கள் மார்க்கத்தின் அடிப்படை. ஒரு செய்தி வந்தால் தீர விசாரிக்கச் சொல்லி சூரத்துல் ஹுஜுராத் எங்களுக்குப் படிப்பிக்கிறது. 2019 ஏப்ரலுக்குப் பிறகு, ஏன் முன்கூட்டியே சொல்லவில்லை என்ற கேள்வியை ஒரு முழுச் சமூகமாக நாங்கள் முகத்துக்கு நேரே கேட்டவர்கள். முன்கூட்டியே முறைப்பாடு செய்தவர்கள் எங்கள் ஊர்களில் இருந்தும்கூட. அந்தக் கேள்வி எவ்வளவு வலிக்கும் என்று எங்களுக்கு யாரும் சொல்லித் தரத் தேவையில்லை. அதே கேள்வியை எங்கள் பிள்ளைகளிடம் நாங்களே கேட்கலாமா?

பாடசாலை மட்டுமல்ல. ஊரில் ஒரு பொடியனைக் கடை வேலையிலிருந்து நிறுத்தினால், 'கை சுத்தமில்லை' என்று ஒரு வார்த்தை வெளியே வரும். பத்திரம் ஏதும் இல்லை, வெறும் வாய்வார்த்தை. ஆனால் அடுத்த கடைக்காரரும் கேட்பார், பெண் பேச வருகிறவர்களும் கேட்பார்கள். பள்ளிவாசல் நிர்வாகத்தில் விசாரித்தாலும் அதே வார்த்தைதான் வரும். உண்மையில் என்ன நடந்தது என்று அந்தப் பொடியனிடம் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

பிழை செய்தவனைக் கண்டிக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. கல்லாவில் கை வைத்தவனை வேலையில் வைத்திருக்கச் சொல்லவும் இல்லை. முதலாளிக்கும் உரிமை உண்டு, அதிபருக்கும் கடமை உண்டு. மற்றப் பிள்ளைகளின் பாதுகாப்பும் பார்க்கப்பட வேண்டும். உள்ளதை மறைத்து எல்லோருக்கும் 'மிக நன்று' என்று எழுதினால் அந்த வார்த்தைக்கும் மதிப்பில்லாமல் போய்விடும். நான் கேட்பது மூன்றே மூன்று.

ஒன்று, எழுதும் முன் அவனைக் கூப்பிட்டுக் கேளுங்கள். வாப்பாவோ உம்மாவோ பக்கத்தில் இருக்கட்டும். பத்து நிமிடம் போதும்.

இரண்டு, நடந்ததை எழுதுங்கள், ஆளை எழுதாதீர்கள். 'இரண்டாம் தவணையில் 30 நாட்கள் வரவில்லை' என்பதைச் சரியா பிழையா என்று பதிவேட்டைப் பார்த்துச் சொல்லலாம். 'ஒழுக்கமற்றவன்' என்பதை எந்தப் பதிவேட்டில் பார்ப்பது? அந்த 30 நாளும் அவன் வாப்பாவோடு ஆஸ்பத்திரியில் நின்றிருக்கலாம்.

மூன்று, எழுதிய பிறகும் ஒரு வாசல் திறந்திருக்கட்டும். எழுதிய ஆள் இல்லாத, வேறு இரண்டு மூன்று பேர் உட்கார்ந்து கேட்கிற ஒரு இடம். பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தில் இதைப் பேசலாம். பள்ளிவாசல் நிர்வாகமும், கடைக்காரர் சங்கமும் யோசிக்கலாம். இதற்குச் சட்டம் தேவையில்லை, கட்டடம் தேவையில்லை. மாதத்தில் ஒரு பின்னேரம் போதும்.

பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். பிள்ளையின் பத்திரத்தைக் கையில் வாங்கியதும் மடித்துப் பையில் வைக்காதீர்கள். நின்று வாசியுங்கள். காரணம் என்ற இடத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். விளங்காவிட்டால் கேளுங்கள். பிழை என்றால் அன்றைக்கே, மரியாதையாக, எழுத்தில் கொடுங்கள். கொடுத்த கடிதத்தின் பிரதி ஒன்றையும் வைத்துக்கொள்ளுங்கள். நாள் போகப் போக எழுதியவர் இடமாற்றம் பெற்றுப் போய்விடுவார், பதிவேடு எங்கே என்று தெரியாது, சாட்சி சொல்ல ஆள் இருக்காது. அமெரிக்காவிலேயே காலக்கெடு வைத்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

அடுத்த அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் இந்த மூன்றாவது விடயத்தை எழுத்தில் முன்வைக்க இருக்கிறேன், இன்ஷா அல்லாஹ். உடன்படாதவர்கள் கீழே காரணத்தோடு எழுதுங்கள், வாசித்துப் பதில் சொல்வேன். உடன்படுகிறவர்கள் லைக் போட்டுவிட்டுப் போகாமல் கூட்டத்துக்கு வாருங்கள்.

வஸ்ஸலாம்.