சின்னவனுக்குப் பறக்க ஓர் இடம்



சென்ற இதழில் வடகம் பிழிவதைப் பற்றி எழுதியிருந்தேன். இந்தத் தடவை அடுப்படியை விட்டு வெளியே வந்து வானத்தைப் பற்றிப் பேசப் போகிறேன். சிரிக்காதீர்கள். எங்கள் வீட்டில் ஆறு மாதமாக வானம்தான் பெரிய பிரச்னை.

நாங்கள் இருப்பது மீஞ்சூரை அடுத்த வள்ளூரில். ஒரு பக்கம் அனல் மின் நிலையத்தின் புகைபோக்கிகள், இன்னொரு பக்கம் துறைமுகத்துக்குப் போகிற லாரிகள், தலைக்கு மேலே எங்கு பார்த்தாலும் மின்சாரக் கம்பிகள். எங்கள் வீட்டுக்காரருக்குக் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிப்ட் வேலை. வடக்கே ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் கிளம்பினால் எங்கள் மொட்டை மாடியிலிருந்தே தெரியும். 2023 ஜூலை 14ஆம் தேதி மத்தியானம் சந்திரயான்-3 கிளம்பியபோது தெருவே மாடியில்தான் நின்றது. அன்றைக்குப் பிடித்தது எங்கள் சின்னவனுக்குப் பித்து. இப்போது பதினொன்றாம் வகுப்புப் படிக்கிறான்.

முதலில் காகிதம், பிறகு தெர்மாகோல், அதன் பிறகு என் சீட்டுப் பணத்தில் ஒரு மோட்டார், பாட்டரி, கையில் பிடித்து ஓட்டுகிற ரேடியோ பெட்டி. இறக்கையின் அகலம் என் இரண்டு கையையும் விரித்தால் எவ்வளவோ, கிட்டத்தட்ட அவ்வளவு. மூக்கில் காற்றாடி, வாலில் அசைகிற இரண்டு பலகைகள். பெட்டியில் குச்சியை அசைத்தால் அங்கே வால் அசையும். எல்லாம் சரி. எங்கே பறக்க விடுவது? அதை நான் யோசிக்கவே இல்லை. யோசிக்காததன் பலனை ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பார்த்தேன்.

காய்ந்த துணி எடுக்க மாடிக்குப் போனவள் கீழே எட்டிப் பார்க்கிறேன். விமானம் மின்கம்பியில் மாட்டிக்கொண்டு தொங்குகிறது. கீழே இவன், முருங்கைக்காய் பறிக்கிற தொரட்டியை, அதுவும் இரும்புத் தொரட்டியை, நிமிர்த்திப் பிடித்து எட்டி எட்டி இழுக்கப் பார்க்கிறான்! கத்துகிறேன், எனக்குச் சத்தமே வரவில்லை. எதிர் வீட்டுக்காரர் ஓடி வந்து பின்னாலிருந்து அவனைக் கட்டிப் பிடித்துத் தள்ளினார். தொரட்டி தரையில் விழுந்த சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. அந்த மனிதர் மட்டும் அப்போது வாசலில் பூச்செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டு இருக்கவில்லை என்றால்... எழுதக் கை நடுங்குகிறது, விட்டுவிடுகிறேன்.

மின்வாரியத்துக்காரர்கள் வந்து எடுத்துக் கொடுத்தார்கள். எங்கள் வீட்டுக்காரர் ஒரு வார்த்தை பேசவில்லை. விமானத்தை வாங்கிப் பரண்மேல் போட்டார். "இனிமே இந்த வீட்ல இது கிடையாது" என்றார். நானும் தலையாட்டினேன்.

மூன்று நாள் பையன் முகம் கொடுத்துப் பேசவில்லை. நாலாம் நாள் அவன் புத்தகப் பையைத் தட்டி வைக்கும்போது ஒரு புதுச் சர்வோ மோட்டார் கிடைத்தது. விரல் கனம்கூட இல்லாத சின்னச் சாமான். ஆக, இன்னொன்று செய்கிறான். எனக்குத் தெரியாமல், யார் வீட்டிலோ, எந்தக் கம்பிக்கடியிலோ! பரணில் போட்டுப் பூட்டியது விமானத்தைத்தான், ஆசையை இல்லை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. அப்துல் கலாம் தம் வாழ்க்கைக் கதையில் எழுதியிருப்பது நினைவுக்கு வந்தது. குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் சேரச் சுமார் ஆயிரம் ரூபாய் தேவைப்பட்டபோது அவருடைய அக்கா ஸோஹ்ரா தம் வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்துக் கொடுத்தாராம். என் பிள்ளை கலாம் ஆவான் என்று நான் சொல்லவில்லை. அந்த அம்மாள் அன்றைக்குத் தம்பியின் ஆசைக்கு ஒரு வழி தேடினாரே, அதைச் சொல்கிறேன். நான் என்ன தேடினேன்? ஒரு பூட்டைத் தேடினேன்.

மறுநாள் காலையில் அவனிடம் சொன்னேன். "ஒளிச்சு வெச்சிருக்கறதைக் கொண்டு வா. ரெண்டு பேருமா இடம் தேடலாம். கிடைக்கிற வரைக்கும் தரையிலேருந்து ஒரு சாண்கூட எழும்பக் கூடாது, சம்மதமா?" தலையை ஆட்டினான். அவன் அப்பாவிடம் சொல்லச் சரியான நேரம் பார்த்து, நைட் ஷிப்ட் முடிந்து சாப்பிட்டு எழுந்த பிறகு சொன்னேன். "உன் பொறுப்பு" என்றார். அது சம்மதம்தான்.

தேடினோம். பள்ளி மைதானத்தில் எந்நேரமும் கிரிக்கெட். சுற்றுகிற காற்றாடி விரலைத் துண்டாக்கும், குழந்தைகள் நடுவே ஆகாது. எண்ணூர் கடற்கரைப் பக்கம் துறைமுகம். ஒரு பெரிய ஆலை மதிலோரம் காலி மனை இருந்தது. பெட்டியைத் திறப்பதற்குள் காவலாளி வந்து, "இங்க எல்லாம் கூடாதும்மா" என்றார். அவர் சொன்னது நியாயம்தான். பழவேற்காட்டு ஏரி விரிந்து கிடக்கிறதே என்றால், அது பறவைகள் சரணாலயம். பூநாரைகள் இரை தேடுகிற இடத்தில் இந்தச் சத்தத்தோடு போகலாமா? அக்கரையில் ராக்கெட் தளம் வேறு. சோழவரத்தில் இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுபாதை இருக்கிறது. இருங்காட்டுக்கோட்டையில் 1990ல் புதுப் பந்தயப் பாதை வரும் வரை அங்கேதான் கார் ரேஸ் நடந்தது. "அம்மா, நிஜ ரன்வே!" என்று பையன் குதித்தான். அதுவும் நினைத்தபோது போய் நிற்கிற இடமில்லை.

இதற்கெல்லாம் சட்டம் இருக்கிறது என்பதும் அப்போதுதான் தெரிந்தது. 2021 ஆகஸ்டில் மத்திய அரசு ட்ரோன் விதிகள் கொண்டுவந்தது. 25 கிலோவுக்கு மேற்படாமல், படிப்புக்கோ பொழுதுபோக்குக்கோ, கண்ணுக்குத் தெரிகிற தூரத்துக்குள் ஓட்டுகிறவற்றை 'மாடல்' என்று அதில் தனியாகச் சொல்லியிருக்கிறார்கள். வான்வெளிக்கு ஒரு வரைபடமும் உண்டு. பச்சைப் பகுதி என்றால் 400 அடி உயரம் வரை பறக்கத் தனி அனுமதி வேண்டாம். மஞ்சள் என்றால் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாரின் அனுமதி வேண்டும். சிவப்பு என்றால் மத்திய அரசே அனுமதிக்க வேண்டும். விமான நிலைய எல்லையிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டர் வரை பச்சை 200 அடியோடு சரி. வண்ணங்கள் மாறும், ஆகையால் ஒவ்வொரு தடவையும் பார்த்துக்கொள்ள வேண்டும். வானம் பச்சையாக இருந்தால் மட்டும் போதாது, கீழே இருக்கிற மண்ணுக்குச் சொந்தக்காரர் ஒருவர் இருப்பார். அவரைக் கேட்க வேண்டும்.

கேட்பதுதான் கஷ்டம் என்று நினைத்திருந்தேன். தை மாதம் என் நாத்தனார் வீட்டுக்குப் போயிருந்தோம், பொன்னேரிக்கு அந்தப் பக்கம். ஊர்க்கோடியில் அறுவடை முடிந்த மேட்டுநிலம். மழையை நம்பி ஒரே போகம், இனி ஆடியில்தான் ஏர் பூட்டுவார்களாம். கம்பி இல்லை, வீடு இல்லை, ரோடு தூரத்தில். நாத்தனாரை அழைத்துக்கொண்டு நிலத்துக்காரப் பெரியவர் வீட்டுக்குப் போனேன். "என்னண்ணி, இதுக்குப் போயி வெத்தலை பாக்கா!" என்று அவள் சிரித்தாள். பரவாயில்லை என்று வைத்துக்கொண்டுதான் போனேன்.

பெரியவர் விமானத்தைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏம்மா, இது நெசமாவே பறக்குமா?"

"பறக்கும்னு சொல்றான் ஐயா. உங்க நிலம் கொடுத்தா பார்க்கலாம்."

"காசு கீசு வாணாம். பத்து மணிக்கு மாடு ஓட்டியாந்து உடுவேன். அதுக்குள்ள முடிச்சிக்கணும். சினைமாடு ஒண்ணு கீது, மிரண்டு ஓடிச்சின்னா வம்பு. வரப்பை மிதிக்கக் கூடாது. அவ்ளோதான்."

திரும்பி வரும்போது மின்சார ரயிலில் பையன் சிரித்துக்கொண்டே வந்தான். "அம்மா, ரைட் சகோதரர்களுக்கும் இதே கண்டிஷன்தான்!" என்றான். அமெரிக்காவில் 1903ல் முதல் விமானம் பறந்தது கிட்டி ஹாக் என்கிற கடலோர மணல்வெளியில். அது அவர்கள் ஊரிலிருந்து வெகு தூரம். ஆகவே 1904ல் சொந்த ஊரான டேட்டனுக்குப் பக்கத்திலேயே இடம் தேடினார்கள். ஹஃப்மன் என்கிற பாங்க்காரர் தம் மேய்ச்சல் நிலத்தைக் காசில்லாமல் கொடுத்தாராம். நிபந்தனை ஒன்றே ஒன்று. பறப்பதற்கு முன்னால் மாடு, குதிரைகளை ஓரமாக ஓட்டிவிட வேண்டும்! அவர்களும் டிராம் வண்டியில் அங்கே போய் வந்தார்கள். அந்த மாட்டு நிலத்தில்தான் 1905 அக்டோபர் 5ஆம் தேதி 39 நிமிஷம் இறங்காமல் 24 மைல் பறந்தார்கள். அவர்களுடைய அம்மா சூசன், வண்டி செய்கிறவரின் மகள். பிள்ளைகளுக்கு விளையாட்டுச் சாமான்களைத் தம் கையாலேயே செய்து கொடுப்பாராம். மகன்கள் பறந்ததைப் பார்க்க அவர் இல்லை, 1889லேயே காசநோயில் போய்விட்டார். அதைக் கேட்டபோது எனக்குத் தொண்டை அடைத்தது.

அடுத்த ஞாயிறு விடிகாலை முதல் வண்டியில் போனோம். காலை நேரம்தான் நல்லது. வெயில் ஏறினால் கடல்காற்று கிளம்பிவிடும், தெர்மாகோல் தாங்காது. அதற்கு முன் ஒரு மாதம் கம்ப்யூட்டரில் ஓட்டிப் பழகியிருந்தான். விமானம் நம்மை விட்டுப் போகும்போது இடது இடதாகவே இருக்கும். நம்மைப் பார்த்து வரும்போது எல்லாம் தலைகீழ். அப்போது எந்த இறக்கை தாழ்கிறதோ அந்தப் பக்கமே குச்சியைத் தள்ளினால் நிமிர்ந்துவிடும் என்று எனக்கும் சொல்லிக் கொடுத்தான். இரண்டு விரல் நுனியில் இறக்கையைத் தாங்கி எடை சமமா என்று பார்த்தான். முன் விளிம்பிலிருந்து இறக்கை அகலத்தில் கால் பங்குக்கும் மூன்றில் ஒரு பங்குக்கும் நடுவே நிற்க வேண்டுமாம். வால் கனத்தால் விமானம் நம் பேச்சைக் கேட்காது.

முதல் தடவை மூக்குக் குத்தி விழுந்தது. இரண்டாம் தடவையும். டேப் ஒட்டினான். மூன்றாம் தடவை எழும்பியது பாருங்கள்! பனைமரங்களுக்கு மேலே ஒரு வட்டம், இரண்டு வட்டம். பையன் முகத்தைத்தான் நான் பார்த்தேன். வரப்போரம் யாரோ கை தட்டினார்கள். திரும்பினால் எங்கள் வீட்டுக்காரர்! ஷிப்ட் முடிந்து வீட்டுக்குக்கூடப் போகாமல் கும்மிடிப்பூண்டியிலிருந்து நேரே வந்திருக்கிறார். பத்து மணிக்குப் பெரியவர் மாடு ஓட்டி வந்தபோது சினைமாட்டின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றதும் அவர்தான். பெரியவர் வானத்தையே பார்த்தபடி, "இன்னொரு சுத்து உடுப்பா" என்றாரே!

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பிள்ளை இருந்தால் இவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள்:

1. மின்கம்பியில் எது மாட்டினாலும், விமானமோ பட்டமோ துணியோ, தொரட்டி, குச்சி, கயிறு எதுவும் கூடாது. மின்வாரியத்தின் 'மின்னகம்' 94987 94987க்குப் போன் செய்யுங்கள்.

2. இதன் பாட்டரி லித்தியம் பாலிமர் வகை. அதற்குரிய சார்ஜரில், ஆள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் சார்ஜ் செய்ய வேண்டும். சமையலறை, காஸ் சிலிண்டர், மெத்தை பக்கம் ஆகாது. ராத்திரி போட்டுவிட்டுத் தூங்கக் கூடாது. அப்பளம் மாதிரி உப்பினால் அதோடு அதன் ஆயுசு முடிந்தது. சிமென்ட் தரையில் ஒரு மண் சட்டிக்குள் வைத்துச் சார்ஜ் செய்கிறோம், பக்கத்தில் ஒரு வாளி மணலும் உண்டு.

3. பாட்டரி மாட்டிவிட்டால் காற்றாடிக்கு முன்னால் கையோ முகமோ போகக் கூடாது. வீட்டில் சோதிக்கும்போது காற்றாடியைக் கழற்றிவிட வேண்டும்.

4. வெட்டுப் பட்டால் காப்பிப் பொடி, மஞ்சள் எதுவும் அப்பாதீர்கள். ஓடுகிற தண்ணீரில் கழுவி, சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்து டாக்டரிடம் போங்கள். டி.டி. ஊசி எப்போது போட்டது என்று அவரிடம் சொல்லுங்கள்.

5. தொப்பி, தண்ணீர், உடன் ஒரு பெரியவர். தனியாக அனுப்பாதீர்கள்.

கல்லூரி போகிற பிள்ளையானால் என்.சி.சி.யின் விமானப் பிரிவு இருக்கிறதா என்று விசாரியுங்கள். அங்கே மாடல் விமானம் செய்யவும் விடவும் கற்றுத் தருகிறார்கள்.

ஆடி வந்தால் அந்த நிலத்தில் ஏர் ஓடும். மறுபடி வேறு இடம் தேட வேண்டும். தேடுவோம். இப்போது எனக்குக் கேட்கத் தெரியும். பரண் காலியாகத்தான் இருக்கிறது. அதில் வடக டின்களை அடுக்கிவிட்டேன்.

அடுத்த இதழில் சந்திப்போம்.