சிற்றுயிர் என்றால் சிறு பொறுப்பா?

பிள்ளைக்குப் பிறந்தநாள் வருகிறது. வளர்ப்புப் பிராணி வேண்டுமென்று அடம்பிடிக்கிறது. நாய்க்கு வீட்டில் இடமில்லை. பூனையை வளர்க்கப் பாட்டிக்கு விருப்பமில்லை. எனவே பெற்றோர் கடைக்குச் சென்று, வண்ணக் கூண்டோடு ஹாம்ஸ்டர் ஒன்றை வாங்கிவந்து, “இனி இது உன் பொறுப்பு” என்று எட்டு வயதுப் பிள்ளையிடம் ஒப்படைத்துவிடுகின்றனர். விலை குறைவு, இடம் குறைவு, வேலை குறைவு. பிள்ளைக்கோ பொறுப்புணர்ச்சி வளரும். இவ்வாறு கணக்கிடும் பெற்றோர் பலர். அக்கணக்கு அடிமுதல் நுனிவரை தவறானது. உருவம் சிறுத்தால் கடமையும் சிறுக்கும் என்பது உயிரின் இயல்பை அறியாதார் கூற்று.

ஹாம்ஸ்டர் பொம்மையன்று. 1930ஆம் ஆண்டில், இசுரேல் அஹரோனி என்னும் விலங்கியலார், சிரியா நாட்டின் அலெப்போ நகருக்கு அருகே நிலத்தைத் தோண்டச் செய்து, ஏறத்தாழ 8 அடி ஆழத்தில் ஒரு தாயையும் அதன் குட்டிகளையும் கண்டெடுத்தார். இன்று உலகெங்கும் வீடுகளில் வளரும் பொன்னிற ஹாம்ஸ்டர்களில் மிகப் பெரும்பாலானவை அந்த ஒரே குடும்பத்தின் வழிவந்தவை. மண்ணுக்குள் ஆழக் குடைந்து வாழப் பிறந்த அவ்வுயிருக்குக் கூண்டிலே கிடைப்பது என்ன? இரண்டு விரற்கடை மரத்தூள்! சுவிட்சர்லாந்து ஆய்வாளர் 2006இல் வெளியிட்ட ஆய்வொன்றில், 10, 40, 80 சென்டிமீட்டர் ஆழத்தில் மரத்தூள் இட்ட கூண்டுகளில் ஹாம்ஸ்டர்களை வைத்துப் பார்த்தனர். ஆழம் மிகக் குறைந்த கூண்டில் இருந்தவையே மிகுதியாகக் கம்பியைக் கடித்தன. “பார், எப்படி விளையாடுகிறது!” என்று காட்டிக் களிக்கிறார்களே, அது விளையாட்டன்று; அடைபட்ட உயிரின் முறையீடு.

மேலும், ஹாம்ஸ்டர் இரவில் விழிக்கும் இனம். பிள்ளை பள்ளியிலிருந்து திரும்பும் பிற்பகலில் அது ஆழ்ந்து உறங்கும். பிள்ளை உறங்கும் நள்ளிரவில் சுழல்சக்கரத்தில் பல கிலோமீட்டர் ஓடும். உறங்குவதை எழுப்பித் தூக்கினால் கடிக்கும். கடிபட்ட பிள்ளை கையை உதறும். விழுந்த உயிரின் எலும்பு முறியும். இதில் குற்றவாளி யார்? கடித்த பிராணியா? உதறிய பிள்ளையா? பகலில் வாழ்வதையும் இரவில் வாழ்வதையும் ஒன்றாக இணைத்துவைத்த பெரியவரே!

“தனியாக இருந்தால் பாவம்” என்று இரண்டாக வாங்குவோரும் உளர். வளர்ந்த பொன்னிற ஹாம்ஸ்டர் தனித்து வாழ்வது. இரண்டை ஒரே கூண்டில் அடைத்தால், ஒன்றையொன்று கடித்துக் கொல்லவும் கூடும். ஆணும் பெண்ணுமாக அமைந்துவிட்டாலோ, சூல்காலம் 16 நாள்களே. ஒரு மாதத்திற்குள் கூண்டு நிறையக் குட்டிகள். அச்சமுற்ற தாய் தன் குட்டிகளையே தின்பதைப் பிள்ளை காண நேர்ந்தாலும் நேரும்.

தமிழர் மேடைகளில் மயிலுக்குப் போர்வை தந்த பேகனைப் பாராட்டாத நாளில்லை. பாராட்டத்தக்க அருளே அது. ஆயினும், வள்ளலுக்கு அருள் போதும். வளர்ப்பவனுக்கு அருளோடு அறிவும் வேண்டும். அன்பு மிகுந்து ஹாம்ஸ்டரை நீரில் குளிப்பாட்டுகின்றனர். அது குளிரால் நடுங்கி நோயுறுகிறது. மென்மையாக இருக்கட்டுமென்று பஞ்சை இடுகின்றனர். இழை காலைச் சுற்றி இறுக்குகிறது, விழுங்கினால் குடலை அடைக்கிறது. அறியாமையோடு சேர்ந்த அன்பு சிற்றுயிருக்குப் பகையாகவே முடிகிறது.

அங்ஙனமாயின் வேறு எதனை வாங்குவது என்பர். மலாய் மொழியில் ‘திக்குஸ் பெலாண்டா’ எனப்படும் கினிப்பன்றி பிள்ளைகளுக்கு ஓரளவு பொருந்தும். பகலிலும் விழித்திருக்கும், கடிப்பது அரிது, பழகியவரைக் கண்டால் கீச்சிட்டு வரவேற்கும். ஆனால், அதுவும் எளிதன்று. கூட்டமாக வாழும் இனமாதலின் இரண்டேனும் வேண்டும். மனிதரைப் போலவே அதன் உடலும் வைட்டமின் சி சத்தைத் தானே ஆக்கிக்கொள்ளாது. எனவே நாள்தோறும் குடைமிளகாய் போன்ற காயும், எந்நேரமும் உலர்புல்லும் தரவேண்டும். தென்னமெரிக்காவின் ஆண்டீசு மலைக் குளிரில் தோன்றிய அவ்வினத்தை, பகல் வெப்பம் 32 பாகையை எட்டும் இந்நாட்டில், வெயில் படும் முன்வாசலில் வைத்தால் வெப்பத்தாக்கால் மாண்டுபோகும். நன்கு பேணினால் 5 முதல் 8 ஆண்டு வாழும். எட்டு வயதில் வாங்கிய பிள்ளை மூன்றாம் படிவத்தில் பயிலும்போதும் அதற்குப் புல்லிட ஆள் வேண்டும்.

“பொறுப்பைக் கற்பிக்கத்தானே வாங்குகிறோம்” என்பது பெற்றோரின் இறுதி வாதம். தோட்டத்து லயங்களில் ஆடும் மாடும் கோழியும் வளர்ந்த காலத்தை எண்ணிப் பார்க்கட்டும். பிள்ளைகள் தழை ஒடித்துவந்தனர். தொட்டிக்கு நீர் சுமந்தனர். ஆனால், ஆட்டின் உயிர் பிள்ளையின் நினைவை நம்பி இருந்ததில்லை. பிள்ளை மறந்தால் பாட்டி மறக்கமாட்டார். பொறுப்புள்ளவர் பக்கத்தில் நின்றே பிள்ளை பொறுப்பைக் கற்றது. இன்றோ ஆசிரியரை வெளியே அனுப்பிவிட்டுப் பாடத்தை மட்டும் பிள்ளையின் கையில் திணிக்கின்றனர். மறப்பது பிள்ளைக்கு இயல்பு. ஏட்டில் செய்த பிழையை அழித்து மீண்டும் எழுதலாம். நீரின்றி மாண்ட உயிரை அவ்வாறு திருத்தி எழுத இயலுமா? மலேசியாவின் 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டமும் பேணும் கடமையை உரிமையாளர்மீதே வைத்துள்ளது.

இதனினும் கொடியது ஒன்றுண்டு. ஹாம்ஸ்டரின் ஆயுள் இரண்டு, மூன்று ஆண்டே. அது இறந்ததும், பிள்ளை அழுமே என்றஞ்சி, அதே நிறத்தில் மற்றொன்றை வாங்கி இரவோடிரவாகக் கூண்டில் இட்டுவிடுவோர் இருக்கின்றனர். பிள்ளை என்றேனும் உண்மையை அறியும். அன்று அது கற்பவை இரண்டு: உயிர் காசு கொடுத்தால் மாற்றத்தக்கது, பெற்றோர் சொல் நம்பத்தகாதது. பொறுப்பைக் கற்பிக்கப் புறப்பட்டவர் கற்பித்த பாடம் இதுதானா? அழும் பிள்ளையை அழவிட்டு, அருகில் அமர்ந்து, இறந்ததை இறந்தது என்று சொல்வதே கல்வி.

ஆதலின், வாங்குமுன் பெற்றோர் தம்மையே வினவட்டும். தீபாவளிக்குச் சொந்த ஊர் செல்லும் நாள்களில் அதனைக் காப்பவர் யார்? நோயுற்றால், சிற்றுயிர்களைப் பார்க்கும் மருத்துவரைத் தேடிச்சென்று, வாங்கிய விலையைப்போல் பன்மடங்கு செலவிட மனம் வருமா? பிள்ளைக்குச் சலித்த பின்னும் நாள்தோறும் கூண்டைத் துப்புரவு செய்யப் போவது யார்? “நான்” என்று தாயோ தந்தையோ விடை கூறினால் வாங்கலாம். பிள்ளை துணை நிற்கட்டும். அவ்விடை வரவில்லையெனில், வேண்டாமென்று மறுப்பதே பிள்ளைக்கும் அவ்வுயிருக்கும் செய்யும் நன்மையாகும்.