18 வயசுல திறக்கும் ரெண்டு கேட்: இல்லத்தில் வளரும் பிள்ளைகள் காலேஜ் போவது ஏன் இவ்ளோ கஷ்டம்?

கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் போனால் மின்கம்பம், டீக்கடைச் சுவர் எங்கும் ஒரே மாதிரி நோட்டீஸ். "ஆட்கள் தேவை. பத்தாவது, பிளஸ் 2 பாஸ் / ஃபெயில். பஸ் வசதி, சாப்பாடு உண்டு." கூடவே ஒரு வரி: வயது 18 முதல்.

குழந்தைகள் இல்லத்தில் வளரும் பிள்ளைக்கு இந்த 18-ல்தான் சிக்கலே. சிறார் நீதிச் சட்டம் 2015-ன்படி இல்லத்தில் இருக்கும் உரிமை 18 வயது வரைக்கும்தான். தொழிலாளர் சட்டப்படி ஒருவர் முழு வயதுத் தொழிலாளி ஆவதும் 18-ல். ஆக, இல்லத்தின் கேட் வெளிப்பக்கமாகவும் கம்பெனியின் கேட் உள்பக்கமாகவும் ஒரே பிறந்தநாளில் திறக்கின்றன. பெற்றோர் இல்லாத பையனோ பொண்ணோ எந்தப் பக்கம் போவாங்கன்னு யோசிக்கவே வேண்டாம். தங்குற இடத்தையும் சேர்த்துத் தருவது கம்பெனிதான்.

அப்படிப் போனவர்களைப் பார்த்து "அவங்களுக்குப் படிப்புல ஆசை இல்லை" என்று சொல்வது சுலபம். ஆனால் அந்தக் கணக்கு எங்கே தப்புகிறது என்று பார்க்கலாம்.

அரசு உதவி இல்லையா?

இருக்கு. 18-க்குப் பிறகான உதவிக்குச் சட்டத்தில் 'பிற்காப்பு' என்று பெயர். மிஷன் வாத்சல்யா திட்டத்தில் இதற்கு மாதம் 4,000 ரூபாய். 21 வயது வரை கிடைக்கும், தேவைப்பட்டால் 23 வரை நீட்டிக்கலாம்.

ஆனால் சட்டத்தின் 46-வது பிரிவு சொல்வது நிதியுதவி "வழங்கப்படலாம்" என்றுதான். "வழங்கப்பட வேண்டும்" என்று இல்லை. யாராவது கேட்கணும், யாராவது எழுதணும், யாராவது கையெழுத்துப் போடணும். வயசுக் கணக்கும் இடிக்கும். 18-ல் இன்ஜினியரிங் சேர்ந்தால் முடிக்க 22 ஆகும். நீட்டிப்பு கிடைக்காவிட்டால் கடைசி வருஷம் கையில் காசில்லை.

இதுவும் சரியான வயதில் பள்ளிக்குப் போன பிள்ளையின் கணக்கு. ரயில் நிலையத்தில் மீட்கப்பட்டவர்கள், குழந்தைத் தொழிலாளியாக இருந்தவர்கள் எல்லாம் ரெண்டு மூணு வருஷப் படிப்பைத் தொலைத்துவிட்டுத்தான் இல்லத்துக்கு வருகிறார்கள். பிளஸ் 1 படிக்கும்போதே 18 முடிந்துவிடும்.

முடிவு எப்போது எடுக்கப்படுகிறது?

இல்லத்தை விட்டு வெளியேற 2 மாதம் முன்பு, அந்தப் பிள்ளைக்கான அடுத்த கட்டத் திட்டத்தைத் தயாரித்துக் குழந்தைகள் நலக் குழுவிடம் தர வேண்டும் என்கின்றன 2016-ம் ஆண்டின் மத்திய மாதிரி விதிகள். நல்ல விதிதான். ஆனால் பிளஸ் 1-ல் என்ன குரூப் என்பது 2 வருஷம் முன்பே முடிவாகிவிடுகிறதே?

அதைவிடப் பெரிய முடிவு ஆறாம் வகுப்பிலேயே நடந்துவிடுகிறது. புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் கல்லூரி மாணவர்களுக்கு மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும். அதற்கு 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் (அல்லது அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ் வழியில்) படித்திருக்க வேண்டும். மருத்துவம், பொறியியல் படிப்புகளில் உள்ள 7.5% ஒதுக்கீட்டுக்கும் அரசுப் பள்ளிப் படிப்புதான் அடிப்படை. நல்ல மனசோடு யாரோ ஒரு நன்கொடையாளர் ஃபீஸ் கட்டி, இல்லத்துப் பிள்ளையைத் தனியார் பள்ளியில் சேர்த்திருக்கலாம். அதன் விலை 18 வயதில்தான் தெரியும். இதைச் சேர்க்கும் நேரத்தில் சொல்ல வேண்டியது பள்ளிக் கல்வித் துறையா, இல்ல நிர்வாகமா, குழந்தைகள் பாதுகாப்பு அலகா? இது யார் வேலைன்னே எழுதி வைக்கலைன்னா யாரும் சொல்ல மாட்டாங்க.

சர்டிஃபிகேட் சிக்கல்

தமிழ்நாட்டின் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் ஆதரவற்ற குழந்தைகளுக்கென்று தனி இடம் இருப்பது பலருக்குத் தெரியாது. நிபந்தனை: 10 வயதுக்குள் பெற்றோரை இழந்திருக்க வேண்டும், கவனிக்க வேறு யாரும் இருக்கக்கூடாது, அரசு நடத்தும் அல்லது அங்கீகரித்த பள்ளியிலோ இல்லத்திலோ சேர்க்கப்பட்டிருக்க வேண்டும். 11 வயதில் இழந்தால்? அம்மா உயிரோடு இருந்தும் வளர்க்க முடியாத நிலை என்றால்? இந்தக் கதவு மூடிவிடும்.

முதல் பட்டதாரி சான்றிதழ் இன்னும் வேடிக்கை. குடும்பத்தில் யாரும் பட்டம் வாங்கவில்லை என்று காட்டணும். குடும்பமே யாரென்று தெரியாத பிள்ளை எதைக் காட்டும்? சான்றிதழ் தருவது வருவாய்த் துறை, கேட்பது உயர்கல்வித் துறை, பிள்ளையின் கோப்பு இருப்பது குழந்தைகள் நலத் துறையில். மூன்று பேரும் ஒரே மேஜையில் உட்கார்ந்தால் ஒரு மதியத்தில் முடிகிற வேலை இது.

உட்கார முடியுமா? திருவள்ளூர் மாவட்டத்திலேயே முன்னுதாரணம் உண்டு. செங்கல் சூளைகளுக்கு ஒடிசாவிலிருந்து வரும் குடும்பங்களின் பிள்ளைகளுக்காக, அங்கிருந்து பாடப்புத்தகம் வரவழைத்து, ஒடியா தெரிந்த ஆசிரியர்களோடு சூளைப் பகுதியிலேயே வகுப்புகள் நடந்தன. ரெண்டு மாநில அரசுகள், சர்வ சிக்ஷா அபியான், எய்ட் எட் ஆக்ஷன் தொண்டு நிறுவனம், சூளை உரிமையாளர்கள் எல்லாரும் சேர்ந்ததால் நடந்தது.

இங்கிலாந்து என்ன செய்கிறது?

அங்கே 'விர்ச்சுவல் ஸ்கூல்' என்று ஒன்று உண்டு. பெயரைப் பார்த்து ஆன்லைன் கிளாஸ் என்று நினைக்க வேண்டாம். அரசுப் பராமரிப்பில் உள்ள பிள்ளைகள் எந்தப் பள்ளியில் படித்தாலும், அவர்கள் எல்லாரையும் ஒரே பள்ளி மாணவர்கள் போலக் கணக்கில் வைத்துக் கவனிக்க ஓர் அதிகாரி. ஒவ்வொரு உள்ளாட்சி அமைப்பும் இப்படி ஒருவரை நியமிப்பது 2014 சட்டத்தால் கட்டாயமானது. மார்க் குறைந்தால் பள்ளியைக் கேள்வி கேட்பதும் அவர் வேலை. பணம் முக்கியம்தான். ஆனால் "இந்தப் பிள்ளை ஏன் காலேஜ் அப்ளை பண்ணல?" என்று கேட்டால் பதில் சொல்ல அங்கே ஓர் ஆள் இருக்கிறார்.

நம்ம ஊரில் அதற்கு மிக அருகில் வருவது, நான் முதல்வன் திட்டத்தின் 'உயர்வுக்குப் படி' முகாம். பிளஸ் 2 முடித்தும் கல்லூரியில் சேராதவர்களைத் தேடிப் பிடித்து, சான்றிதழ் முதல் சேர்க்கை வரை ஒரே இடத்தில் முடித்துத் தரப் பார்க்கிறார்கள். இல்லத்துப் பிள்ளைகளின் பட்டியல் இந்த முகாமின் மேஜைக்குத் தனியாக வந்தாலே பாதி வேலை முடியும்.

2025 செப்டம்பரில் தொடங்கிய 'அன்புக் கரங்கள்' திட்டத்தில் முதல்கட்டமாக 6,082 குழந்தைகளுக்கு 18 வயது வரை மாதம் 2,000 ரூபாய். பெற்றோரை இழந்து உறவினர் வீட்டில் வளரும் பிள்ளைகளுக்கு இது பெரிய ஆதரவு. இல்லத்தில் வளர்பவர்களின் 18-க்குப் பிந்தைய கேள்வி அப்படியே நிற்கிறது.

சிப்காட் கம்பெனிகள் வில்லன்களா?

இல்லை. கம்பெனிகள் சட்டம் 2013-ன் சமூகப் பொறுப்பு நிதிப் பட்டியலில் ஆதரவற்றோர் விடுதிகளுக்கே இடம் உண்டு. ஆனால் பெயின்ட், நோட்டுப் புத்தகம், ஆர்.ஓ. மெஷின் என்று போகிற பணத்தில் கொஞ்சம், கல்லூரி செல்லும் இளைஞர்கள் தங்கும் வாடகை வீட்டுக்குப் போகலாம். கும்மிடிப்பூண்டியில் தங்கினால், பொன்னேரி உலகநாத நாராயணசாமி அரசுக் கல்லூரிக்கு மின்சார ரயிலில் இரண்டாவது ஸ்டேஷனில் இறங்கினால் போதும். தங்க இடம் உறுதி என்றால் நோட்டீஸில் இருக்கும் வேலையை லீவில் பகுதி நேரமாகப் பார்க்கலாம், படிப்பை விட்டுவிட்டுப் போக வேண்டியதில்லை.

உங்களுக்குத் தெரிந்து இல்லத்தில் 16, 17 வயதில் யாராவது இருந்தால், பிற்காப்பு உதவி பற்றி மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் இப்போதே எழுத்து மூலமாகக் கேட்கச் சொல்லுங்கள். குழந்தைகள் உதவி எண் 1098. உயர்கல்வி சந்தேகங்களுக்கு 14417. மே மாதம் பிளஸ் 2 ரிசல்ட் வரும்போது கையில் சாதிச் சான்றிதழ், பேங்க் கணக்கு, தங்கும் இடம் மூன்றும் இருக்க வேண்டும்.