ஆளுக்கொரு வாசல்



இம்மாதம் ஜேர்மனியின் தென்பகுதியிலுள்ள அவுக்ஸ்பேர்க் நகருக்குப் போய் வருவோம். கி.மு. 15இல் ரோமரின் படைமுகாமாகத் தொடங்கிய பழைய ஊர் இது. அங்கு செல்பவர்கள் முதலில் பார்ப்பது, எலியாஸ் ஹோல் என்ற கட்டடக் கலைஞர் 1615இல் கட்டத் தொடங்கிய நகர மண்டபத்தை. அதன் உள்ளே கூரையெல்லாம் பொன்முலாம் பூசிய பெரிய மண்டபம் உண்டு. 1944இல் குண்டுவீச்சில் எரிந்துபோன அதைப் பின்னர் பழையபடியே அமைத்திருக்கிறார்கள். பக்கத்திலே 70 மீற்றர் உயரமான கோபுரம்.

ஆனால் அந்தப் பொன்னைவிட மனதில் நிற்பது, சற்றுத் தொலைவில் மதிலுக்குள் இருக்கும் மஞ்சள் சுவர் வீடுகள்தான். 'ஃபுக்கராய்' என்று பெயர். 1521இல் யாக்கோப் ஃபுக்கர் என்ற பெரும் வணிகர் தம் ஊர் ஏழைகளுக்காக நிறுவிய குடியிருப்பு. இன்றும் அங்கே ஏறக்குறைய 150 பேர் வாழ்கிறார்கள். வருட வாடகை எவ்வளவு தெரியுமா? 88 சதம்! ஒரு யூரோகூட இல்லை. அன்றைய ஒரு ரைன் கில்டர் நாணயத்தின் பெறுமதி அது. 500 வருடங்களாக அதை உயர்த்தவேயில்லை. சுற்றிப் பார்க்க வருபவர் ஒருமுறை கொடுக்கும் நுழைவுக் கட்டணமே, அங்கு குடியிருப்பவரின் பல வருட வாடகைக்குச் சமம்.

ஃபுக்கர் ஒன்றும் துறவியல்லர். வெள்ளி, செம்புச் சுரங்கங்களால் செல்வம் சேர்த்தவர். 1519இல் ஐந்தாம் சார்ள்ஸ் பேரரசராகத் தெரிவாவதற்குப் பெருந்தொகை கடன் கொடுத்தவர். அவருடைய தாய் பார்பரா, 1469இல் கணவரை இழந்த பின் பிள்ளைகளையும் குடும்பச் சொத்தையும் திறமையாகக் காத்த பெண்மணி.

இங்கு நாம் கவனிக்க வேண்டியது கொடுத்த விதத்தைத்தான். மேல்வீட்டுக்கும் கீழ்வீட்டுக்கும் தெருவில் தனித்தனி வாசல். ஒருவர் மற்றவர் வீட்டுக்குள்ளால் போகத் தேவையில்லை. கதவு மணியின் இழுகம்பிகூட ஒவ்வொரு வாசலிலும் வேறு வேறு வடிவம். தெருவிளக்கு இல்லாத காலத்தில், இருட்டில் தடவிப் பார்த்தே தன் வீட்டைக் கண்டுகொள்ளலாம் என்பார்கள். உழைத்தும் வறுமையில் வாடியவர்களுக்கே இடம் கொடுத்தார்கள். இசைமேதை மொஸார்ட்டின் கொள்ளுத்தாத்தாவான ஒரு மேசனும் 1681 முதல் அங்கே வாழ்ந்தவர்தான்.

நிபந்தனைகளும் உண்டு. அவுக்ஸ்பேர்க்வாசியாக, கத்தோலிக்கராக, வசதியற்றவராக இருக்க வேண்டும். தினமும் மூன்று பிரார்த்தனைகளை நிறுவியவர் குடும்பத்துக்காகச் சொல்ல வேண்டும். இரவு பத்து மணிக்கு வாசற்கதவு பூட்டப்படும். பிந்தி வருபவர் காவலாளிக்குச் சிறு தொகை கொடுக்க வேண்டும்.

1944இன் குண்டுவீச்சில் இந்தக் குடியிருப்பும் பெருமளவு அழிந்தது. நிறுவனத்தார் அதைக் கைவிடாமல் மீண்டும் கட்டினார்கள். இன்று பெரும்பாலும் தம் காடுகளின் மரவருமானத்திலேயே அதை நடத்துகிறார்கள்.

சகோதரிகளே, நாமும் கொடுக்கிறோம். பழைய துணி, மிஞ்சிய சோறு, பெருநாள் காசு. வாங்குபவள் நம் வாசலில் கைகட்டி நிற்கிறாளா, அல்லது தன் வாசலைத் தானே திறந்து உள்ளே போகிறாளா? அடுத்த முறை கொடுக்கும்போது இதையும் கொஞ்சம் யோசிப்போம்.