கஃபீல் பெயரில் கடை, தம்பி பெயரில் வீடு



வளைகுடாவில் ஒருவரேனும் இல்லாத முஸ்லிம் குடும்பம் நம் திருவல்லிக்கேணியில் அரிது. நமக்கு அண்ணனோ மாமாவோ மருமகனோ அங்கே இருக்கிறார். நம்மவர் போதாதென்று, நேர்முகத் தேர்வுக்கும் மருத்துவப் பரிசோதனைக்கும் வெளிமாவட்டங்களிலிருந்து வரும் இளைஞர்கள் இங்குள்ள மேன்ஷன்களில் பையும் பாஸ்போர்ட்டுமாகக் காத்திருக்கின்றனர். பயணம் புறப்படுபவரிடம் நாம் வழக்கமாகச் சில கேள்விகள் கேட்கிறோம். சம்பளம் எவ்வளவு? சாப்பாடு அவர்களுடையதா? கம்பெனி விசாவா, ஃப்ரீ விசாவா? ஆனால் இதில் எவையெல்லாம் எழுத்தில் இருக்கின்றன என்று மட்டும் நாம் கேட்பதில்லை.

அயல்நாட்டு வாழ்வின் துன்பங்கள் என்றவுடன் வெயிலும், ஓர் அறையில் எட்டுப் பேர் படுக்கும் கட்டில்களும், பிள்ளையின் முகத்தைக் கைப்பேசியில் மட்டும் காண்பதும் நினைவுக்கு வருகின்றன. அவை பெருந்துன்பங்களே, மறுக்கவில்லை. ஆயினும் அவற்றை நம் சகோதரர்கள் பொறுமையோடு தாங்கிக் கடந்துவிடுகின்றனர். அவர்கள் நிலைகுலைந்து நிற்பது வேறோர் இடத்தில். இருபது ஆண்டுகள் உழைத்துச் சேர்த்தது தம் பெயரில் இல்லை என்று அறியும் நாளில்தான் அவர்கள் உடைந்துபோகின்றனர்.

முதலில் அங்குள்ள கடையைப் பார்ப்போம். வளைகுடா நாடுகளில் வெளிநாட்டவர் தம் பெயரில் வணிக உரிமம் பெறுவது நெடுங்காலமாக அரிதாக இருந்தது. குவைத்தின் வணிகச் சட்டம் நிறுவனத்தில் 51 விழுக்காடேனும் குவைத்தியருக்கு இருக்க வேண்டும் என்றது. அமீரகத்திலும் நிலைமை ஏறத்தாழ இதுவே. எனவே நம்மவர் ஒரு வழி கண்டனர். உரிமம் அரபியின் பெயரில் இருக்கும். முதல், உழைப்பு, இலாபம் அனைத்தும் நம்முடையவை. அரபிக்கு ஆண்டுக்கு இவ்வளவு என்று ஒரு தொகை. அரசின் ஏட்டில் மட்டும் கடையின் உண்மையான முதலாளி அங்கே சம்பளம் வாங்கும் விற்பனையாளர்.

சவூதியில் இதற்குத் ‘தசத்துர்’ என்று பெயர். மறைத்தல் என்று பொருள். 2020 ஆகஸ்டில் அந்நாடு இதற்கெதிராகப் புதிய சட்டம் இயற்றியது. பெயர் கொடுத்த சவூதியருக்கும் கடை நடத்திய வெளிநாட்டவருக்கும் ஐந்தாண்டு வரை சிறை, ஐம்பது இலட்சம் ரியால் வரை அபராதம். தண்டனை முடிந்தபின் வெளிநாட்டவர் நாடு கடத்தப்படுவார். திருத்திக்கொள்ள அளிக்கப்பட்ட அவகாசம் 2022 பிப்ரவரி 16 அன்று முடிந்துவிட்டது. அமீரகமோ வேறு வழியில் சென்றது. 2021 ஜூன் முதல் பெரும்பாலான தொழில்களில் வெளிநாட்டவரே முழு உரிமையாளராக இருக்க அனுமதி அளித்தது. ஆகவே அங்கே “வேறு வழியில்லை, அரபியின் பெயரில்தான் நடத்த வேண்டும்” என்று இன்று கூறுவது பல தொழில்களுக்குப் பொருந்தாது.

“பணம் என்னுடையது, உழைப்பு என்னுடையது, ஏமாற்றப்பட்டவர் எவரும் இல்லை, இதில் மார்க்கத்தில் என்ன தவறு?” என்று கேட்போர் உண்டு. ஒரு நாட்டில் நுழையும்போது அந்நாட்டின் நிபந்தனைகளுக்கு ஒப்புக் கையொப்பமிட்டே நுழைகிறோம். மாயிதா அத்தியாயம் தொடங்குவதே ஒப்பந்தங்களை நிறைவேற்றுமாறு முஃமின்களை விளித்துத்தான். இதற்குமேல் நடைமுறைச் சிக்கல் ஒன்றும் உண்டு. நம் சகோதரர்கள் அதை எண்ணிப் பார்ப்பதில்லை. மறைமுக ஏற்பாட்டை எழுதிவைத்தால் அந்தத் தாளே குற்றத்துக்குச் சாட்சியாகும். எழுதாவிட்டால் உரிமைக்குச் சாட்சி இல்லை. அந்த அரபி நல்லவராகவே இருக்கலாம்; அவர் மௌத்தானபின் அவருடைய மகன்களுக்கும் நமக்கும் இடையில் என்ன இருக்கிறது? எழுத முடியாத வியாபாரம் எதுவாயினும் அதற்குள் நுழையாதிருப்பதே நலம் என்பது எமது கருத்து.

இது வெறும் அச்சமன்று. 1990 ஆகஸ்ட் 2 அன்று ஈராக் குவைத்தைக் கைப்பற்றியபோது அங்கிருந்த இந்தியர்களில் ஏறத்தாழ 1,70,000 பேர் தாயகம் அழைத்துவரப்பட்டனர். பெரும்பாலோர் பாலைவனம் வழியே ஜோர்தானின் அம்மானை அடைந்து, அங்கிருந்து ஏர் இந்தியா விமானங்களில் வந்தனர். கடைகளையும் வங்கிக் கணக்குகளையும் வீட்டுச் சாமான்களையும் விட்டு வந்தவர்கள் அவர்கள். அடுத்த ஆண்டு ஐக்கிய நாடுகள் சபை இழப்பீட்டு ஆணையம் ஒன்றை அமைத்தது. நாட்டைவிட்டு வெளியேற நேர்ந்தவர்களுக்கு அது ஒரு நிலையான தொகையை வழங்கியது. அதற்கு வெளியேறியதற்கான சான்றே போதுமானது. ஆனால் கடையும் சரக்கும் போனதென்று உரிமை கோரியவர்கள் அவை தம்முடையவையே என்று காட்ட வேண்டியிருந்தது. ஒரே கடைக்கு உரிமம் பெற்றிருந்த குவைத்தியர் ஒருபுறமும் அதை நடத்திய வெளிநாட்டவர் மறுபுறமும் கோரிக்கை வைத்த வழக்குகள் வந்து, அவற்றைத் தனியே பிரித்து ஆராய வேண்டியதாயிற்று. ஆணையம் கடைசித் தவணையைச் செலுத்தி முடித்தது 2022 ஜனவரியில். முப்பது ஆண்டுகளுக்குமேல் கழிந்தபின்னும் ஒரு தாளுக்கு மதிப்பு இருந்தது என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

அதற்கும் முன்பு நம் முன்னோர் கண்டது பர்மா. 1964இல் இரங்கூன் கடைகள் அரசுடைமையாக்கப்பட்டபோது தமிழ் வணிகர்கள் கைப்பையோடு சென்னைத் துறைமுகத்தில் வந்திறங்கினர். அங்கே எழுத்தும் காப்பாற்றவில்லை; அரசே எடுத்துக்கொண்டால் தாள் என்ன செய்யும்? எனவே எழுதிவிட்டால் எல்லாம் நலமே என்று நாம் வாதிடவில்லை.

பகரா அத்தியாயத்தின் 282ஆவது வசனம் குர்ஆனிலேயே மிக நீளமானது. அது தொழுகையைப் பற்றியதன்று, நோன்பைப் பற்றியதுமன்று. கடனை எழுதிக்கொள்வதைப் பற்றியது. தவணை குறித்த கொடுக்கல் வாங்கலை எழுத வேண்டும்; எழுதுபவர் நீதியோடு எழுத வேண்டும்; சாட்சிகள் வேண்டும்; தொகை சிறிதாயினும் பெரிதாயினும் எழுதச் சலிப்படையக் கூடாது. கைக்குக் கை மாறும் உடனடி வியாபாரத்துக்கு மட்டும் எழுதாமல் விடுவதற்கு இடமுண்டு. அடுத்த வசனமோ பயணத்தில் இருப்பவரை நினைவில் கொண்டே பேசுகிறது. பயணத்தில் எழுதுபவர் கிடைக்காவிடில் ஈடு பெற்றுக்கொள்ளலாம் என்கிறது. கப்பலிலும் ஒட்டகத்திலும் சென்ற காலத்துப் பயணிக்கே இவ்வளவு கூறப்பட்டிருக்க, சட்டைப்பையில் கைப்பேசி வைத்திருக்கும் நம் பயணிக்கு எழுத வழியில்லை என்று கூற முடியுமா?

ஒருவரையொருவர் நம்பினால் எழுதாமலும் இருக்கலாம் என்பதற்கு அந்த அடுத்த வசனத்திலேயே இடம் இருக்கிறதே என்று ஆலிம்கள் நினைவூட்டுவர். உண்மைதான். பெரும்பாலான இமாம்கள் எழுதுவதை விரும்பத்தக்கது என்றே கூறினர். கட்டாயம் என்றோர் சிலர். எனினும் அதே இடத்தில் நம்பப்பட்டவர் அமானிதத்தை ஒப்படைக்க வேண்டும் என்ற எச்சரிக்கையும் இருக்கிறது. நாம் சலுகையை எடுத்துக்கொண்டு எச்சரிக்கையை விட்டுவிட்டோம்.

அவ்வசனத்தில் எம்மை மிகவும் சிந்திக்க வைத்தது, வாசகத்தைச் சொல்லவேண்டியவர் யார் என்பது. கொடுத்தவர் அல்லர், கடன்பட்டவரே சொல்ல, எழுத்தர் எழுத வேண்டும். அண்ணன் தம்பியிடம் “எழுதிக் கொடு” என்று கேட்பது கடினம். கேட்டால் “என்னை நம்பவில்லையா?” என்று தம்பி முகம் சுளிப்பார், அம்மா அழுவார். அப்பாரத்தை மார்க்கம் அண்ணன்மேல் ஏற்றவில்லை. பணம் பெற்றவரே முன்வந்து “அண்ணா, இதுவரை நீங்கள் அனுப்பியது இவ்வளவு, இதற்குச் செலவானது; எழுதிக் கையொப்பமிட்டிருக்கிறேன்” என்று சொல்ல வேண்டும் என்பதே அதன் ஒழுங்கு. அப்படி நடந்தால் சந்தேகம் என்ற பேச்சு எங்கிருந்து வரும்?

தாள் மட்டும் போதாது, நீதியுள்ள எழுத்தரும் சாட்சியும் வேண்டும் என்பதற்கு நம் வட்டாரத்திலேயே சரித்திரம் இருக்கிறது. நாம் ஜும்ஆ தொழும் வாலாஜா பெரிய பள்ளிவாசல் 1795இல் கட்டப்பட்டது. அதே ஆண்டில் வஃபாத்தான நவாப் முஹம்மது அலீ வாலாஜா, பக்கத்திலுள்ள சேப்பாக்கம் மாளிகையில் வாழ்ந்தவர். கம்பெனி அதிகாரிகளிடம் பட்ட கடன்களால் இங்கிலாந்துப் பாராளுமன்றத்திலேயே பேசப்பட்டவர். பின்னர் 1805 முதல் ஆணையர்கள் அமர்ந்து கடன் பத்திரங்களை ஆராய்ந்தபோது கோரிக்கைகளில் பெரும்பகுதி செல்லாதவை என்று தள்ளப்பட்டன. அரண்மனைக்கே அந்த நிலை.

இனி, இங்குள்ள வீட்டைப் பார்ப்போம். சவூதியில் 2017 ஜூலையில் குடும்பத்தினர் ஒவ்வொருவருக்கும் மாதம் 100 ரியால் கட்டணம் விதிக்கப்பட்டு, 2020இல் 400 ரியால் ஆனது. மனைவியும் மூன்று பிள்ளைகளும் என்றால் ஆண்டுக்கு 19,200 ரியால். பலர் குடும்பத்தை ஊருக்கு அனுப்பிவிட்டனர். தந்தை அங்கே, குடும்பம் இங்கே, பணம் நடுவில் யாரோ ஒருவர் கையில். அந்த ‘யாரோ ஒருவர்’ பெரும்பாலும் உடன்பிறந்தவர். மனை வாங்கும் நாளில் பதிவு அலுவலகத்தில் நிற்பவர் அவரே. பத்திரமும் அவர் பெயரில் ஆகிறது.

பினாமிச் சொத்துப் பரிவர்த்தனைத் தடைச் சட்டம் 1988இல் வந்தது, 2016இல் கடுமையாக்கப்பட்டது. தன் வருவாயில் மனைவியின் பெயரிலோ பிள்ளையின் பெயரிலோ வாங்குவதற்கு அதில் விலக்கு உண்டு. சகோதரர், சகோதரி, பெற்றோர் பெயரில் என்றால், பணம் கொடுத்தவரின் பெயரும் கூட்டு உரிமையாளராக ஓர் ஆவணத்தில் இருந்தால்தான் அந்த விலக்கு. தம்பியின் பெயர் மட்டும் உள்ள பத்திரத்தை வைத்துக்கொண்டு “பணம் நான் அனுப்பியது” என்று நீதிமன்றம் சென்றால், வீடு கிடைப்பது இருக்கட்டும், அது பினாமிச் சொத்து என்று நாமே ஒப்புக்கொண்டதாகிவிடும்.

தம்பி நல்லவர் என்றே வைத்துக்கொள்வோம். அவர் நமக்கு முன் மௌத்தானால்? அவருக்கு மகன்கள் இருப்பின், ஃபராயிள் சட்டப்படி சகோதரனுக்குப் பங்கே இல்லை. ரியாத்தில் கொத்து வேலை செய்து அனுப்பிய பணத்தில் எழும்பிய வீடு, முறைப்படியே அண்ணன் மகன்களைத் தாண்டித் தம்பி மகன்களுக்குச் சென்றுவிடும். தாயின் பெயரில் வாங்கியிருந்தால் எல்லா மக்களுக்கும் அது பிரியும். அப்போது அக்கா தங்கைகள் தம் பங்கைக் கேட்டால் அவர்களைப் பேராசைக்காரர்கள் என்று ஏசுகிறோம். பத்திரம் அவர்களுக்குக் கொடுத்ததையே அவர்கள் கேட்கின்றனர். இத்தகைய பஞ்சாயத்துகளில் கடைசியில் விட்டுக்கொடுக்குமாறு வற்புறுத்தப்படுபவர் பெரும்பாலும் பெண்ணே என்பதையும் நாம் பார்த்துவருகிறோம். எழுதாமையின் விலையை அதற்குத் தொடர்பில்லாதவர் கொடுக்கிறார்.

ஊருக்கு வர இயலாதவர் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் பவர் பத்திரம் கையொப்பமிட்டு அனுப்பி, தம் பெயரிலேயே வாங்கலாம். அந்தப் பத்திரம் இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை செலுத்த வேண்டும். இதைத் தவறவிட்டுத் தவிப்போர் உண்டு. வங்கியில் நாமினியாக ஒருவர் பெயரைக் கொடுத்துவிட்டால் பணம் அவருக்கே சொந்தம் என்றும் பலர் எண்ணுகின்றனர். நாமினி பணத்தைப் பெற்றுக்கொள்பவர் மட்டுமே. அது வாரிசுகளுக்கு உரியது.

வேலைக்குச் செல்வோர்க்கும் ஒரு சொல். அமீரகத்தின் தொழிலாளர் அமைச்சகம் வேலை ஒப்பந்தத்தை அரபி, ஆங்கிலத்தோடு தமிழிலும் தருகிறது. அதைக் கேட்டு வாங்கிப் படித்தபின் கையொப்பமிடுவது உரிமை. ‘ஃப்ரீ விசா’ என்ற பெயரில் எந்த அரசும் விசா கொடுப்பதில்லை. ஒருவரின் பொறுப்பில் நுழைந்து வேறிடத்தில் வேலை செய்வதற்கு நம் முகவர்கள் சூட்டிய அழகான பெயர் அது.

உயில் எழுதத்தக்க பொருள் உள்ள முஸ்லிம், அதை எழுதிவைக்காமல் இரண்டு இரவுகள் கழிக்கலாகாது என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்களின் கூற்றை இப்னு உமர் (ரலி) அறிவித்திருக்கின்றனர். புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது. விடுமுறையில் முப்பது நாள் வரும் சகோதரர் விருந்துக்கும் திருமணத்துக்கும் அலைந்து, கடைசி நாளில் பெட்டி கட்டுகிறார். அந்த முப்பதில் ஒரு பிற்பகலை இதற்கு ஒதுக்கலாம். யாருக்குக் கொடுக்க வேண்டும், யாரிடமிருந்து வரவேண்டும், எந்தப் பத்திரம் எந்தப் பெட்டியில் இருக்கிறது என்பதை மனைவிக்கும் தெரியும்படி எழுதி வைக்கலாம். அங்கே கடையில் என்ன பங்கு என்பது மனைவிக்கே தெரியாமல் இருப்பது நம் வீடுகளில் வழக்கமாகிவிட்டது. இது மாற வேண்டும்.

எமது மதரஸாவில் பெரிய பிள்ளைகளுக்கு 282ஆவது வசனத்தை ஓதக் கற்பிக்கும்போது, இனி ஒரு தாளும் கொடுக்க எண்ணியிருக்கிறோம். கொடுத்தவர், பெற்றவர், தொகை, நோக்கம், தவணை, சாட்சிகள் இருவர் என்று தமிழில் அவர்களே ஒரு மாதிரி உடன்படிக்கை எழுதிப் பழக வேண்டும். அந்த மாதிரித் தாள் வேண்டுவோர் அஸ்ர் தொழுகைக்குப் பின் மதரஸாவில் பெற்றுக்கொள்ளலாம். கைமாற்றுக்கும் குடும்பக் கணக்குக்கும் அது போதும். வீடு, மனை, கடைப் பங்கு என்றால் வழக்கறிஞரிடம் காட்டாமல் எவரும் கையொப்பமிட வேண்டாம்.