எஸ்டிமேட்டில் ஏறாத செலவு

(மூன்றாமாண்டு, சிவில்)



பொருளாதாரம் என்றதும் நமக்கெல்லாம் என்ன ஞாபகம் வருகிறது? பட்ஜெட் அன்று டி.வி.யில் ஓடும் எண்கள், பெட்ரோல் விலை, 'இந்த வருஷம் கேம்பஸுக்கு எத்தனை கம்பெனி வரும்?' என்கிற கவலை. தத்துவம் என்றால் கேட்கவே வேண்டாம். அது தாடி வைத்தவர்கள் சமாச்சாரம் என்று ஒதுங்கிவிடுவோம். லேட்டரல் என்ட்ரி, அப்ரன்டிஸ், அரியர்... இந்த மூன்றுக்குமே நமக்கு நேரம் போதவில்லை!

ஆனால் பொருளாதாரத்தையும், 'எது நியாயம்?' என்ற தத்துவக் கேள்வியையும் ஒரே பாடமாகப் படித்து, ஒரே பாடமாகச் சொல்லிக்கொடுத்த ஒரு மனிதர், கடைசிக் காலத்தில் நம்ம டி. கல்லுப்பட்டியில்தான் வந்து குடியிருந்தார். பெயர் ஜே.சி. குமரப்பா. திருமங்கலத்திலிருந்து ராஜபாளையம் போகும் பஸ்ஸில் கல்லுப்பட்டியைத் தாண்டாதவர்கள் நம் கல்லூரியில் குறைவு. காந்தி நிகேதன் ஆசிரமம் எங்கே என்று கேட்டால் எல்லோரும் கை காட்டுவோம். அங்கே இருந்த குமரப்பா யாரென்று கேட்டால், "யாரோ காந்தியவாதிப்பா" என்பதோடு சரி. காந்தியவாதி என்று சொல்லிவிட்டால் அதற்கப்புறம் படிக்க வேண்டியதில்லை என்று நமக்கொரு வசதி!

அவர் முதலில் காந்தியவாதி இல்லை. ஆடிட்டர். 1892 ஜனவரி 4-ம் தேதி தஞ்சாவூரில் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தில் ஜோசப் செல்லதுரை கார்னீலியஸ் என்ற பெயரில் பிறந்தவர். லண்டனில் கணக்கியல் படித்தார். பம்பாயில் சொந்தமாக ஆடிட் தொழில், கோட்டு, சூட்டு, நல்ல வருமானம். 1927-ல் அமெரிக்கா போனார். சிரக்யூஸ் பல்கலைக்கழகத்தில் வணிக நிர்வாகம், பிறகு நியூயார்க் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொது நிதி. அங்கே அவருடைய பேராசிரியர் செலிக்மன், வரி பற்றிய படிப்பில் அன்றைக்கு உலகப் பெயர் பெற்றவர். இந்தியா ஏன் ஏழையாக இருக்கிறது என்று குமரப்பா ஒரு சர்ச்சில் பேச, அது பத்திரிகையில் வர, அதைப் பார்த்த செலிக்மன், "இதையே ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொள்" என்றாராம். ஆடிட்டர் புத்தி சும்மா இருக்குமா? ராணுவத்துக்கு எவ்வளவு, கடன் வட்டிக்கு எவ்வளவு, லண்டனுக்கு எவ்வளவு என்று சர்க்கார் கணக்கை வரவு செலவாகப் பிரித்துப் பார்த்தார். ஏழைகளிடம் வசூலான வரி ஏழைகளிடம் திரும்பவில்லை என்று கணக்கே சொன்னது. யாரும் பிரசங்கம் செய்து அவரை மாற்றவில்லை, நண்பர்களே. பேலன்ஸ் ஷீட் மாற்றியது.

1929 மே மாதம் சபர்மதியில் காந்தியைச் சந்தித்தார். அந்த ஆராய்ச்சி 'யங் இந்தியா'வில் தொடராக வந்தது. அகமதாபாத் குஜராத் வித்யாபீடத்தில் பொருளாதாரப் பேராசிரியர் வேலை. அவர் வகுப்பு நடத்திய விதம்தான் எனக்குப் பிடித்தது. கேடா ஜில்லாவில் மாத்தர் தாலுகா என்று ஒன்று. அங்கே 54 கிராமங்களுக்கு மாணவர்களை அனுப்பி நிலம், மாடு, கடன், வருமானம் எல்லாவற்றையும் எழுதிவரச் செய்தார். 1931-ல் அது புத்தகமாக வந்தது. நாம் செயினையும் டோட்டல் ஸ்டேஷனையும் தூக்கிக்கொண்டு சர்வே கேம்ப் போகிறோமே, அந்த மாதிரிதான். நாம் அளப்பது மண்ணின் மேடு பள்ளம். அவர்கள் அளந்தது மனுஷன் வீட்டு மேடு பள்ளம்.

இப்படி ஒழுக்கத்தையும் பணத்தையும் சேர்த்துப் பேசுவது காந்தி ஆட்களின் பழக்கம் என்று நினைக்க வேண்டாம். பொருளாதாரத்தின் தந்தை என்று புத்தகத்தில் போட்டிருக்கிற ஆடம் ஸ்மித், கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் ஒழுக்கத் தத்துவப் பேராசிரியர். 1776-ல் நாடுகளின் செல்வம் பற்றி எழுதுவதற்கு முன்பே, 1759-ல் மனிதரின் ஒழுக்க உணர்வுகள் பற்றித் தனிப் புத்தகம் எழுதியவர். அப்புறம்தான் இரண்டும் பாகப்பிரிவினை செய்துகொண்டு தனித்தனியாகப் போயின. திரும்பச் சேர்க்க வேண்டும் என்று வாதாடியவர்களில் நம் நாட்டு அமர்த்தியா சென் முக்கியமானவர். 1998-ல் நோபல் பரிசு பெற்றார். சென் இதைச் செய்தது கேம்பிரிட்ஜிலும் ஹார்வர்டிலும். குமரப்பா தன் முக்கியமான புத்தகத்தை எழுதியது ஜபல்பூர் ஜெயிலில்! 'நிலைத்த பொருளாதாரம்' என்று தமிழில் சொல்லலாம். 1945-ல் வெளிவந்தது. முன்னுரை எழுதிய காந்தி அவரைக் கிராமத் தொழில்களின் டாக்டர் என்று குறிப்பிட்டார். கொலம்பியாவில் வாங்கியது எம்.ஏ.தான். டாக்டர் பட்டம் கொடுத்தது காந்தி.

அந்தப் புத்தகத்தில் என்ன இருக்கிறது? சுருக்கமாகச் சொல்கிறேன். பிழைக்கிற விதத்தை ஐந்தாகப் பிரிக்கிறார். புலி, தான் தின்ன இன்னொன்றைக் கொல்கிறது. குரங்கு, தோப்பை வளர்க்காமல் பழத்தை மட்டும் பறிக்கிறது. குருவி தன் கூட்டைத் தானே உழைத்துக் கட்டிக்கொள்கிறது. தேனீ தனக்கென்று இல்லாமல் கூட்டுக்கே சேர்க்கிறது. தாய்ப்பறவை பலன் பார்க்காமல் குஞ்சுக்கு ஊட்டுகிறது. மனிதன் இந்த ஐந்தில் எதில் வேண்டுமானாலும் நிற்கலாம். எதில் நிற்கிறான் என்பதுதான் கேள்வி.

இன்னொரு கருத்தும் உண்டு. அதுதான் நம் டிபார்ட்மென்டுக்கு நேராக வருகிறது. உலகத்திலுள்ள பொருள்களை இரண்டு வகையாகச் சொல்கிறார். ஒன்று தொட்டியில் இருக்கிற தண்ணீர் மாதிரி: எடுக்க எடுக்கக் குறையும். நிலக்கரி, பெட்ரோல், இரும்புத்தாது. மற்றது ஓடுகிற தண்ணீர் மாதிரி: அளவோடு எடுத்தால் வந்துகொண்டே இருக்கும். விறகு, பருத்தி, தானியம். தொட்டியை நம்பி வாழ்கிறவன் ஒருநாள் அடுத்தவன் தொட்டிக்குச் சண்டைக்குப் போவான் என்றார். எண்ணெய்க்காக நடந்த யுத்தங்களை நினைத்துக்கொள்ளுங்கள்.

இப்ப ஆத்து மணலுக்கு வருவோம். அது எந்த வகை? மழை வெள்ளம் கொண்டுவந்து போடுகிற வரைக்கும் அது ஓடுகிற வகை. வெள்ளம் போடுவதைவிட வேகமாக அள்ளினால் அதே மணல் தொட்டி வகை ஆகிவிடுகிறது. பொருள் மாறவில்லை. அள்ளுகிற வேகம்தான் மாறியது! எஸ்டிமேட்டிங் பேப்பரில் நாம் என்ன எழுதுகிறோம்? ஒரு கன மீட்டர் மணலுக்கு ரேட், லாரி வாடகை, ஏத்துக்கூலி, இறக்குக்கூலி, சர்க்காருக்குக் கட்டும் சீனியரேஜ். கூட்டினால் பதில் வந்துவிடும். ஃபுல் மார்க். படுகை தாழ்ந்து, பக்கத்துக் கிணற்றில் தண்ணீர் இறங்கிப்போனால் அதற்கு எந்த ஐட்டம்? எந்த ரேட்?

எங்க பெரியப்பா கிணறு ஓடைக்கரையில் இருக்கிறது. மோட்டாரை இரண்டு தடவை கீழே இறக்கி, அப்புறம் கிணற்றுக்குள்ளேயே போர் போட்டார். அந்தச் செலவு யாரோ கட்டிய வீட்டின் எஸ்டிமேட்டில் ஏற வேண்டியது. ஏறவில்லை. பெரியப்பா நகைக்கடனில் ஏறியிருக்கிறது.

இதை எழுதுவது சுலபம். ஆனால் எங்க சித்தப்பா மகன் டிப்பர் ஓட்டுகிறான். என்னுடைய இரண்டு செமஸ்டர் ஃபீஸ் அவன் சம்பளத்தில்தான் கட்டினது. "நீ சொல்றதெல்லாம் சரிதான்டா, லோடு நின்னா வீட்டுக்கு நீ பணம் அனுப்புவியா?" என்று கேட்டான். ஒரே வீட்டில் ஒருத்தர் கிணறு, இன்னொருத்தர் சம்பளம். சரி, எம்-சாண்ட் இருக்கே என்பீர்கள். அது மலையை உடைத்து வருவது. மலை எந்த வெள்ளத்திலும் திரும்பி வராது. குமரப்பா கணக்குப்படி ஒரு தொட்டியை விட்டு இன்னொரு தொட்டிக்குப் போயிருக்கிறோம், அவ்வளவுதான். அதற்காக வீடே கட்டாமல் இருக்க முடியுமா? முடியாது. ஆனால் எவ்வளவு, எந்த வேகத்தில், யார் தலையில் என்று கேட்காமல் போடும் எஸ்டிமேட்டை முழு எஸ்டிமேட் என்று நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

மெக்கானிக்கல் நண்பர் ஒருவர் இந்தக் கட்டுரையின் முதல் படியைப் படித்துவிட்டு, "மிஷினே வேண்டாம்னு சொன்ன ஆளு நமக்கெதுக்குடா?" என்றார். அப்படி அவர் சொல்லவில்லை. 1934-ல் வார்தாவில் அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கம் தொடங்கியபோது குமரப்பாதான் செயலாளர். அங்கே செக்கைத் திருத்தி அமைத்தார்கள், கைக்காகிதம் செய்தார்கள், மண்ணெண்ணெய்க்குப் பதில் தாவர எண்ணெயில் எரிகிற விளக்கு ஒன்றை வடிவமைத்தார்கள். இது என்ன, டிசைன் வேலை இல்லையா? மிஷின் யாருக்கு வேலை செய்கிறது, யார் வேலையைப் பிடுங்குகிறது என்றுதான் கேட்டார்.

கணக்கில் அவர் கண்டிப்பு வேறு ரகம். 1934 பீகார் பூகம்ப நிவாரணப் பணத்துக்குக் கணக்கு பார்க்கப் போனவர், காந்தியுடன் வந்த கூட்டத்தின் செலவை நிவாரண நிதியில் எழுத முடியாது என்று சொல்லிவிட்டார். குருவுக்கே பில் பாஸ் ஆகவில்லை! நம் ஹாஸ்டல் மெஸ் கமிட்டிக்கு இப்படி ஒருத்தர் கிடைத்தால் எப்படி இருக்கும் என்று எனக்கு அடிக்கடி தோன்றும்.

அவர் சொன்னதெல்லாம் எனக்குச் சம்மதம் என்று நினைக்காதீர்கள். கிராமத்தைப் பற்றி அவர் பேசும்போது எனக்கு இடிக்கிறது. 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் கிராமத்தைப் பற்றிப் பேசினது வேறு மாதிரி. ஊர், சேரி என்று பிரிந்து கிடக்கிற இடத்தில் பிறந்தவனுக்குக் கிராமம் என்பது தேனீக் கூடாகத் தெரியாது. நம்மில் பல பேர் இந்தக் கல்லூரிக்கு வந்ததே, அப்பா செய்த வேலையைச் செய்யக் கூடாது என்பதற்காகத்தானே? அதேபோல, மில் அரிசியில் தவிடும் சத்தும் போய்விடுகிறது, கைக்குத்தல்தான் நல்லது என்கிறார். உண்மை. ஆனால் உலக்கை பிடித்த கை யாருடையது? எங்க அப்பத்தா கையைப் பார்த்தவன் நான். மில் வந்த நாளில் அந்தக் கை சந்தோஷப்பட்டிருக்கும். 'யார் தலையில்' என்று கேட்கச் சொல்லிக்கொடுத்தவரிடமே அந்தக் கேள்வியைத் திருப்பிப் போடலாம், தப்பில்லை.

வெளிநாட்டுக்காரர்கள் சொன்னால்தான் நமக்கு ஏறும் என்றால், பிரிட்டன் நிலக்கரி வாரியத்தில் பொருளாதார ஆலோசகராக இருந்த ஷூமாக்கர், 1973-ல் வெளியிட்ட 'ஸ்மால் இஸ் பியூட்டிஃபுல்' புத்தகத்தில் குமரப்பாவை எடுத்துக்காட்டியிருக்கிறார். நிலக்கரிக்காரருக்குத் தெரிந்த ஆளை கல்லுப்பட்டி பஸ்ஸில் போகிற நமக்குத் தெரியவில்லை. 1940-ல் ஜி. வேங்கடாசலபதி தொடங்கிய அந்த ஆசிரமத்துக்கு 1950களில் வந்து தங்கிய குமரப்பா, 1960 ஜனவரி 30 அன்று, காந்தி மறைந்த அதே தேதியில், காலமானார்.

பேரவைக்கும் ஆசிரியர்களுக்கும் எனக்கு ஒரு கோரிக்கை உண்டு. கடைசி வருஷ ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டில் காஸ்ட் எஸ்டிமேட்டுக்குப் பின்னால் ஒரே ஒரு பக்கம் சேர்க்க வேண்டும். பயன்படுத்துகிற பொருள் எங்கிருந்து வருகிறது, எடுத்த இடத்தில் அது திரும்ப வருமா, பில்லில் வராத செலவை யார் கட்டுகிறார்கள், வேலை யாருக்குக் கிடைக்கிறது, யாருக்குப் போகிறது - தெரிந்த வரைக்கும் எழுத வேண்டும். எலெக்ட்ரிக்கல்காரர்கள் கரண்டுக்கு எழுதட்டும், மெக்கானிக்கல் இரும்புக்கு எழுதட்டும். தனி மார்க் வேண்டாம். வைவா அன்றைக்கு எக்ஸ்டர்னல் அந்தப் பக்கத்தைத் திருப்பி ஒரு கேள்வி கேட்டால் போதும்.

எங்கள் குழு நான்கு பேர். இந்த வருஷம் அனுமதி கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் அந்தப் பக்கத்தை எழுதுகிறோம். மணலிலிருந்து தொடங்குகிறோம். டிப்பர் ஓட்டுகிற என் தம்பியிடம் லோடு கணக்கு தருவதாகச் சத்தியம் வாங்கியாச்சு. உங்கள் வீட்டில் ஆற்றோரக் கிணறு இருந்து, மோட்டாரை எந்த வருஷம் எத்தனை அடி இறக்கினார்கள் என்று தெரிந்தால், சிவில் பிளாக் மாடியில் டிராயிங் ஹாலுக்கு வந்து சொல்லுங்கள். சாயங்காலம் நாலரைக்கு மேல் அங்கேதான் இருப்போம்.