உங்கப்பா என்ன வேலை?

பட்டம் வாங்கிய பிறகும் நம் பிள்ளைகள் ஏன் பின்தங்குகிறார்கள் என்று கேட்டால் தகுதி-திறமைக் காவலர்களிடம் பதில் தயாராக இருக்கிறது. சின்ன வயசுலயே அடித்தளம் சரியில்லை, வீட்ல புத்தகம் கிடையாது, இங்கிலீஷ் கிடையாது. இரக்கப்படுவதுபோலவே இருக்கும். பழி மட்டும் சேரியின் தலையில்.

பால்யத்தில் நம்மிடமிருந்து பறிக்கப்பட்டவை ஏராளம், மறுக்கவில்லை. ஆனால் அத்தனையையும் தாண்டிப் படித்து, சரிக்குச் சமமாய் வந்து நிற்கிறவனிடமும் அந்தப் பால்யத்தையே தோண்டுகிறார்களே, அதற்கு என்ன பெயர்?

டெல்லியின் மூன்று பல்கலைக்கழக மாணவர்கள் படிப்பு முடித்து வேலை தேடியதை அஸ்வினி தேஷ்பாண்டேயும் கேதரின் நியூமனும் ஆராய்ந்து 2007இல் எழுதினார்கள். நேர்முகத்தில் 'குடும்பப் பின்னணி' கேட்கப்படுகிறது. சாதி இந்துப் பிள்ளைக்கு அது குசல விசாரிப்பு. தலித் பிள்ளைக்கு அங்கேயே நாக்கு ஒட்டிக்கொள்கிறது. அதே ஆண்டு சுகதேவ் தோரட், பால் அட்வெல் ஆய்வும் வந்தது. தனியார் வேலை விளம்பரங்களுக்கு ஒரே தகுதியுள்ள விண்ணப்பங்கள், பெயர் மட்டும் வேறு. அழைப்பு வரும் வாய்ப்பு மேல்சாதிப் பெயருக்கு 100 என்றால் தலித் பெயருக்கு ஏறத்தாழ 67. காகிதத்துக்கு ஏது பால்யம்?

தமிழ்நாட்டில் பெயருக்குப் பின்னால் சாதி போடுவதில்லை என்று மார்தட்டுகிறோம். அதனாலென்ன? எந்த ஊரு, ஊர்ல எந்தப் பக்கம், அப்பா என்ன பண்றாரு? மூணு கேள்வி போதும். படிப்பு முடித்து நான் போன முதல் நேர்முகத்தில் கணக்கியலில் ஒரு கேள்வி, அப்பாவைப் பற்றி நாலு.

சதாராவில் பள்ளிக்கூடத்தில் கோணிச்சாக்கில் தனியே உட்கார்ந்த சிறுவன்தான் கொலம்பியாவில் படித்துவிட்டு 1917இல் பரோடா அரசுப் பணிக்குப் போனார். தங்கியிருந்த விடுதிக்கே தடிகளோடு வந்து விரட்டினார்கள். சாக்கை அண்ணல் சுமந்துகொண்டு போகவில்லை. அங்கே விரித்து வைத்திருந்தார்கள்.

மத்திய அரசின் கீழ்நிலைப் பணிகளில் 2016 ஜனவரி முதல் நேர்முகத் தேர்வே கிடையாது. தனியார் முதலாளிகளுக்கு அந்தக் கட்டுப்பாடும் இல்லை, இட ஒதுக்கீடும் இல்லை. தனியார் துறையில் இட ஒதுக்கீடு கேட்கிற நாம், குடும்பத்தையும் ஊரையும் பற்றிய கேள்விகளை நேர்முகத்தில் தடைசெய்யச் சொல்லியும் சேர்த்தே கேட்போம்.

தோழர்களே, இந்த வருஷம் நேர்முகத்துக்குப் போய்வந்தவர்கள் அங்கே கேட்ட கேள்விகளை ஒன்றுவிடாமல் எழுதி அனுப்புங்கள். உங்கள் பெயர் போடமாட்டோம். அடுத்த இதழில் கேள்விகளை மட்டும் வரிசையாக அச்சிடுகிறோம்.